இல்லறச் சிந்தனை: கற்ற வீடும் காத்திருக்கும் கல்லூரியும்



சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து நமக்கு மடல் ஒன்று வந்தது. பேச்சில் திக்கல் உள்ள அவருடைய மகன், ஏழாம் வகுப்பில் உடன் பயின்றோரின் கேலியைத் தாங்க இயலாமல் பள்ளிக்குச் செல்ல மறுத்துவிட்டான். அன்று முதல் பெற்றோரே ஆசிரியராயினர். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நன்முறையில் தேறிவிட்டான். இப்போது அவனுக்கு 17 வயது. கணிதத்திலும் கணினியிலும் மிகுந்த நாட்டம்.

"பட்டப்படிப்பையும் இணையவழியிலேயே முடிக்கட்டும், அவனை மீண்டும் ஏன் கேலிக்கு ஆளாக்க வேண்டும்?" என்கிறார் தந்தை. "அவனுக்கும் உலகிற்கும் நடுவே நாம் எத்தனை நாள் நிற்பது?" என்று கேட்கிறார் தாய். இருவர் சொல்லிலும் ஊற்றெடுப்பது ஒரே அன்புதான். எனவே, எவர் பக்கம் தீர்ப்புக் கூறுவது என்று பாராமல், பொருளை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

இணையவழிப் பட்டம் மதிப்புக் குறைந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. முறையான அனுமதி பெற்ற நிறுவனங்கள் இணையவழியில் வழங்கும் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்திற்கு இணையானதே எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது. "முறையான அனுமதி பெற்ற" என்னும் சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுமுன், அந்த நிறுவனத்திற்கு அந்தப் பாடத்திற்கே அந்த ஆண்டில் அனுமதி உண்டா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்தறிவது பெற்றோரின் கடமை.

எல்லாப் பாடங்களையும் இவ்வாறு கற்க இயலாது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை போன்ற பட்டங்களை இணையவழியில் வழங்க அனுமதி இல்லை. உளவியலும் ஊட்டச்சத்து இயலும் 2025-ஆம் ஆண்டில் அந்த வரிசையில் சேர்ந்தன. பிள்ளையின் நாட்டம் இவற்றில் இருப்பின், கல்லூரி வாயிலைத் தவிர வேறு வழியில்லை. இம்மகனின் நாட்டமோ இரு வழிகளிலும் செல்லக்கூடியது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப்படிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாடங்களை வீட்டிலிருந்தே கற்கலாம். தேர்வுகளையோ மையங்களுக்கு நேரில் சென்று எழுத வேண்டும். சேருமுன் தகுதித் தேர்விலும் வெல்ல வேண்டும். இடையில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த கட்டத்திற்கு ஏற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும்.

வீட்டில் பயின்ற பிள்ளைக்கு இவ்வழியில் ஒரு சிறப்புண்டு. எவரும் மணியடிக்காமலே புத்தகத்தைத் திறக்கும் பழக்கம் அவனுக்கு முன்னரே அமைந்துவிட்டது. புதிதாக இணையவழியில் சேர்வோர் பலர் இடறுவது இவ்விடத்தில்தான்.

ஆயின், உள்ள வலிமையை வளர்ப்பது மட்டுமா கல்வி? இல்லாததை ஈட்டுவதும் கல்வியன்றோ? ஆய்வகத்தில் தோழனோடு சேர்ந்து செய்த பிழை, உணவு இடைவேளையில் எழுந்த வாதம், கண்டிப்பான பேராசிரியர் ஒருநாள் கூறிய பாராட்டு ஆகியவற்றைத் திரையின் வழியே முழுமையாகப் பெற இயலாது. பேசத் தயங்கும் பிள்ளைக்குப் பேசும் வாய்ப்பே குறைந்துவிட்டால், தயக்கம் நாளடைவில் சுவராகிவிடும்.

தந்தையின் அச்சத்தையும் நாம் எளிதாக எண்ணவில்லை. கல்லூரிகளில் கேலிவதையைத் தடுக்கத் தமிழகத்தில் 1997-லேயே சட்டம் இயற்றப்பட்டது. மானியக் குழுவும் 2009-இல் விதிகளை வகுத்தது. சட்டம் கொடிய நாவை அடக்கலாம், நட்பைத் தராது. ஆகவே, சேர்க்கைக்கு முன் மகனையும் அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளுக்குச் செல்லுங்கள். துறைத் தலைவரிடம் மகனின் நிலையை மறைக்காமல் கூறுங்கள். அவர் பதில் சொல்லும்போது உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா, உங்கள் மகனைப் பார்த்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். பெயர்பெற்ற பெரிய கல்லூரியைவிட, அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் சிறிய கல்லூரி மேல்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இன்று இல்லை. ஒரே காலத்தில் ஒரு பட்டத்தை நேரிலும் மற்றொன்றை இணையவழியிலும் பயில மானியக் குழு 2022 முதல் இசைவளித்துள்ளது. அருகிலுள்ள கல்லூரியில் கணிதமும், வீட்டிலிருந்து கணினியும் கற்கலாம். சுமை சற்று மிகுதிதான்; முதலாண்டு கல்லூரியில் காலூன்றிய பின்னர் மற்றதைத் தொடங்குவது நன்று. முடிவில் இணையவழியே ஏற்றது எனத் தோன்றினால், வாரத்தில் சில மணி நேரமாவது அவன் பிறரோடு கூடி உழைக்க வழி செய்யுங்கள். நூலகமோ, விளையாட்டுத் திடலோ, பங்கின் இளையோர் குழுவோ, அண்டைவீட்டுச் சிறுவர்க்குக் கணிதம் கற்பிப்பதோ எதுவாயினும் ஆகுக.

அன்புச் சகோதரி, உங்கள் மடலை நாம் மும்முறை படித்தோம். கணவர் கூறியது இருக்கிறது. நீங்கள் கூறியது இருக்கிறது. உங்கள் மகன் என்ன கூறினான் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பேசத் தடுமாறும் பிள்ளைக்காகப் பெற்றோரே பேசிவிடுவது இயல்பு. அது பாசத்தால் விளையும் பழக்கம். ஐந்தாண்டுகள் நீங்கள் அவனுக்கு ஆசிரியராக இருந்தீர்கள். இன்றிரவு உணவிற்குப் பின் இருவரும் மாணவராக அமர்ந்து, அவன் விருப்பத்தைக் கேளுங்கள். சொல் தடைப்படும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனே முடிக்கட்டும்.