சிப் புதுசு... பரீட்சை பழசு!

சிப் டிசைன் ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்களா பாஸ்? 'ஹலோ வேர்ல்டு ஓடுது சார்'னு வைவாவுல தப்பிச்சிடலாம். ஆனா, கம்பைலர் ஒரு கூட்டலைத் தப்பா மாத்திக் கொடுத்தா? எர்ரரே வராது. சத்தமில்லாம தப்பு விடைதான் வரும். 'சிப்புலதான் பக்'னு நீங்க ராத்திரி தூக்கத்தைத் தொலைப்பீங்க!

அதுக்குத்தான் ஜி.சி.சி. கம்பைலர், ஆயிரக்கணக்கான குட்டி புரோகிராம்களைக் கையில வெச்சிருக்கு. 'மேக் செக்'னு தட்டினா போதும், டெஜாக்னுங்கிற சூப்பர்வைஸர் ஒவ்வொண்ணா ஓட்டி ரிசல்ட் போடுவார். ஒரே சிக்கல், அவருக்கு உங்க சிப்பைத் தெரியாது. அறிமுகக் கடுதாசிதான் 'போர்டு ஃபைல்'. அதுல என்னென்ன இருக்கணும்?

எதுல ஓட்டணும்: போர்டு இல்லையா, நோ டென்ஷன்! ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்னா (நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'சக்தி' இந்த வகைதான்) கியூஎமு மாதிரி சிமுலேட்டர் போதும். 2017-ல வந்த ஜி.சி.சி. 7-லயே ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தாச்சு.

எவ்ளோ நேரம்: வழக்கமா ஒரு டெஸ்ட்டுக்கு 300 விநாடி. உங்க சிமுலேட்டர் ஆமை வேகம்னா கூட்டிக் கொடுங்க. இல்லேன்னா சரியான விடைக்கும் ஃபெயில்தான்.

எவ்ளோ ஸ்டாக்: குட்டி மெமரிதான்னா முதல்லயே சொல்லிடுங்க. பெரிய டெஸ்ட்டுகளை அவரே ஒதுக்கிடுவார்.

ரிசல்ட் எப்படி வரும்: இதுதான் மெயின் மேட்டர். ஓ.எஸ். இல்லாத போர்டு, 'நான் ஃபெயிலு'ன்னு எக்ஸிட் கோடு திருப்பித் தராது. அப்போ 'ஸ்டேட்டஸ் ராப்பர்' வேணும்னு எழுதணும். அது எக்ஸிட் கோடை பிரின்ட் பண்ணிக் காட்டும். மறந்தீங்க, தப்பான புரோகிராமும் பாஸ்னு வந்து நிக்கலாம்!

அதனால, முதல் வேலையா 'அபார்ட்' ஆகிற புரோகிராம் ஒண்ணை வேணும்னே ஓட்டிப் பாருங்க. ஃபெயில்னு வந்தா சந்தோஷப்படுங்க. பாஸ்னு வந்தா, உங்க செட்டப் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. 'ஃபெயில் 0'ன்னு பார்த்ததும் ட்ரீட் வெச்சிடாதீங்க. 'அன்சப்போர்ட்டட்' எத்தனைன்னு எண்ணுங்க. எல்லாரும் ஆப்சென்ட் ஆன பரீட்சையில யாருமே ஃபெயில் இல்லதான்!

கம்பைலர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரிசல்ட் எடுத்து பத்திரப்படுத்துங்க. மாத்தினப்புறம் இன்னொண்ணு எடுத்து ஒப்பிடுங்க. பழைய அரியர் இருந்தா பரவாயில்ல மக்களே... புதுசா ஒரு அரியர் விழக்கூடாது, அவ்ளோதான்!