கொழுந்துக் கூடைக்குள் வாசகனை அடைக்காதீர்கள்

பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' நாவல் வரிசையின் ஆறு பாகங்களையும் வாசித்து முடித்ததாகச் சொல்லி, பண்டாரவளையில் நடந்த வாசகர் சந்திப்பொன்றில் நண்பர் ஒருவர் கட்டுரை படித்தார். அவர் வந்த முடிவுகள் மூன்று. இது மணலும் கத்தியும் நிறைந்த பொழுதுபோக்கு. அந்நிய இளைஞன் ஒருவன் வந்து ஒடுக்கப்பட்ட சனத்தை மீட்கிற வெள்ளைக்காரக் கனவு. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த வாசகனுக்கு இதில் எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. முதல் இரண்டும் பிழையான வாசிப்பு. மூன்றாவது எங்கள்மேல் விழுந்த அவமதிப்பு.

பொழுதுபோக்கு என்ற தீர்ப்பை முதலில் பார்ப்போம். அராக்கிஸ் என்ற பாலைக் கோளில் பெறுமதியான சரக்கு ஒன்றுதான், மெலாஞ்ச். அது இல்லாவிட்டால் விண்கலம் செலுத்துவோருக்கு வழி தெரியாது. இலாபம் ஒரு பெருங்கம்பனியின் பங்குகளாகப் பிரபுக்களுக்குப் போகிறது. பேரரசன் அந்தக் கோளை ஒரு குடும்பத்திடமிருந்து எடுத்து இன்னொரு குடும்பத்திடம் கொடுக்கிறான். அங்கேயே வாழும் பிரெமென் மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஊவா மலையில் வளர்ந்தவருக்கு இந்தக் கதை விளங்கவில்லையா? 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் இந்த மலைகள் தேயிலைக்கு மாறின. 1890இல் வந்த தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. கைமாறிய எந்தத் தடவையிலும் மலையேறிக் கொழுந்து பறித்தவளிடம் சம்மதம் கேட்கவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்தது. 'டியூன்' நூலாக வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

கட்டுரையில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அராக்கிஸில் மனிதர்கள் தங்கள் வியர்வையையே வடித்துக் குடிக்கும் உடை அணிகிறார்கள். செத்தவனின் உடலிலுள்ள நீர் கூட்டத்துக்குச் சொந்தம். மாளிகையில் விருந்துக்கு வருகிறவர்கள் கை கழுவித் தண்ணீரைத் தரையில் சிந்துவார்கள். அதைத் துடைத்த துண்டுகளைப் பிழிந்த நீர் வாசலில் நிற்கும் ஏழைகளுக்கு விற்கப்படும். புதிதாக வந்த பிரபு அந்த வழக்கத்தை நிறுத்துகிறான். இந்தக் காட்சியை வேறெந்த ஊர் வாசகரும் மறக்கலாம். பண்டாரவளைக்காரர் மறக்கக் கூடாது. உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது, 2014 டிசம்பரில், மலைக்குள்ளிருந்த நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் பண்டாரவளைத் தெருவில் இறங்கினார்கள். வற்றிய பீலியடியில் குடத்தோடு நின்றவர்களின் ஊரில் இருந்துகொண்டு, தண்ணீரையே மையமாக வைத்த நாவலைப் பொழுதுபோக்கு என்று எழுதுவது வாசிப்பே அல்ல.

அடுத்தது மீட்பன் குற்றச்சாட்டு. முதல் நாவலை மட்டும் வாசித்தவர் அப்படிச் சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். அதிலும், பாலைவனத்தில் தனியே சாகும் சூழலியலாளன் கைன்ஸின் காதில் இறந்துபோன தகப்பனின் குரல் ஒலிக்கிறது: ஒரு வீரன் கையில் சிக்குவதைவிடப் பெரிய கேடு உன் மக்களுக்கு வராது என்பது அதன் சாரம். 1969இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த அந்நிய இளைஞன் பவுல் அரியணையில் இருக்கிறான். அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் செத்தவர்கள் 6,100 கோடிப் பேர் என்று அவனே கணக்குச் சொல்கிறான். இது மீட்பனைத் துதிக்கும் கதையா, மீட்பனை நம்பினால் என்ன நடக்கும் என்று எச்சரிக்கும் கதையா? ஆறு பாகமும் வாசித்தவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படாமல் போயிருக்க முடியாது. பட்டும் மறைத்தார் என்றால் அது நேர்மையல்ல.

கடைசியாக, எங்களுக்கு இதில் எதுவும் இல்லை என்ற தீர்ப்பு. 1981இல் வந்த நான்காம் பாகத்தை அவர் திறந்து பார்க்கட்டும். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பாலைவனம் சுருங்கி, கோள் பச்சை பிடித்துவிட்டது. பிரெமென் வம்சத்தில் எஞ்சியவர்கள் 'அருங்காட்சியகப் பிரெமென்' என்று அழைக்கப்படுகிறார்கள். பழைய உடையைப் போட்டு, பொருள் தெரியாத பழைய சடங்குகளைச் செய்து, பார்க்க வருகிறவர்களுக்கு முன் நிற்பதே அவர்கள் பிழைப்பு. அந்த அத்தியாயங்களை வாசித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தேயிலைச் சரிவில் கூடையை மாட்டிக்கொண்டு படமெடுக்க வருகிறவர்களுக்காகச் சிரித்து நிற்கும் எங்கள் பெண்கள்தான் கண்முன் வந்தார்கள்.

நண்பர் எங்களிடம் கேட்பதும் அந்த நிலையைத்தான். மலையக வாசகன் லயம், பெரட்டு, அரைப்பேர், அட்டைக்கடி பற்றி மட்டுமே வாசிக்க வேண்டும். அவற்றை மட்டுமே எழுத வேண்டும். விண்வெளியும் எதிர்காலமும் மற்றவர்களுக்கு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதி உலகத்தின் முன் வைத்தார். அவருக்குப் பிறகு வந்த நாங்கள் உலகத்தின் நூல்களை எங்கள் மலையில் நின்று வாசிக்கக் கூடாதா? எங்கள் வேதனையை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் கற்பனைக்கு எல்லை போடுகிறவர், எங்களை அருங்காட்சியகத்தில் நிறுத்துகிறார்.

இளம் வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. இந்த வரிசையின் முதல் நாவலையும் நான்காம் நாவலையும் தேடி வாசியுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதுங்கள். எங்கள் அலமாரிக்குக் கங்காணி தேவையில்லை.