முடி கொட்டும், பாட்டு கொட்டாது!

பாட்டுக் கச்சேரி குழு என்பது ஒரு பார்ட்னர்ஷிப் ஃபர்ம். பி.காம். படித்தவன் புத்தி, எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரிகிறது. முதல் போடுவது நாலைந்து சிநேகிதர்கள், லாபம் பார்ப்பது மைக் செட்காரர், கடைசியில் ஃபர்மைக் கலைப்பது... கல்யாணம்!

தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. இலத்தூரோ ஆய்க்குடியோ, கோயில் கொடை என்றால் ராத்திரி மெல்லிசை உண்டு. பாடகர் தப்பித்தவறி, "இது நாங்களே போட்ட பாட்டு..." என்று ஆரம்பித்தால் போச்சு. "ஏலே, ரஜினி பாட்டு போடுலே!" என்று பின்னாலிருந்து குரல் வரும். சொந்தச் சரக்குக்கு மேடையில் அவ்வளவுதான் மரியாதை.

பம்பாயில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1984-ல் அங்கே சில இளைஞர்கள் 'ராக் மெஷின்' என்றொரு குழு ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் மோட்லி க்ரூ, பான் ஜோவி வகையறாக்கள் தலையெடுத்த நேரம். தோளில் புரளும் முடி, உடம்பைக் கவ்விய பேன்ட், காதைப் பிளக்கும் கிடார். க்ளாம் மெட்டல் என்று பெயர். ராக் மெஷினை அசல் க்ளாம் மெட்டல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒன்றுவிட்ட தம்பி முறை. உதய் பெனகலின் குரலும் மகேஷ் தினாய்க்கரின் கிடாரும் அதன் அடையாளமாயின.

காலேஜ் விழாக்களில் வெள்ளைக்காரன் பாட்டை அச்சு அசலாக வாசித்தால்தான் அன்றைக்குக் கைதட்டல். இவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. சொந்தப் பாட்டுகளோடு 1988-ல் 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்', 1990-ல் 'தி செகண்ட் கமிங்' என்று இரண்டு ஆல்பம் போட்டார்கள்.

1993-ல் செய்ததுதான் துணிச்சல். ஒன்பது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த பேரைத் தூக்கிக் கடாசிவிட்டு, நம்ம நாட்டு வாசனையோடு 'இண்டஸ் கிரீட்' ஆனார்கள். அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால், குட்வில் மொத்தமும் ரைட்-ஆஃப்! எந்த ஆடிட்டரும் சம்மதிக்க மாட்டார். ஆனால் அதே வருஷம் அவர்களுடைய 'ப்ரெட்டி சைல்ட்' பாட்டு, எம்.டி.வி.யின் ஆசிய நேயர் விருப்ப விருதைத் தட்டிக்கொண்டு வந்தது.

1995-ல் புதுப் பேரில் ஓர் ஆல்பம். 1997-ல் ஃபர்ம் கலைந்தது. ஆளுக்கொரு திசை. பெனகல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

"அம்புட்டுத்தானவே? கதை முடிஞ்சுதுல்லா?" என்றார், இதைக் கேட்ட டீக்கடை அண்ணாச்சி.

முடியலை அண்ணாச்சி! 2010-ல் மறுபடி கூடினார்கள். பழைய ஹிட்டுகளையே நாலு மேடையில் வாசித்துவிட்டு, கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களோ 2012-ல் 'இவால்வ்' என்று புத்தம்புது ஆல்பம் போட்டார்கள். முந்தின ஆல்பத்துக்கும் இதற்கும் இடைவெளி 17 வருஷம்!

பேலன்ஸ் ஷீட்டை இப்போது பார்க்கலாம். முடி, பேன்ட், மேடைப் புகை எல்லாம் தேய்மானச் சொத்து. வருஷா வருஷம் மதிப்பு குறையும். (முடி விஷயத்தில் வவுச்சர் வேண்டாம், என் தலையைப் பார்த்தாலே போதும்.) அடுத்தவன் பாட்டு வாடகைச் சாமான்; விடிந்தால் திருப்பிக் கொடுக்கணும். 13 வருஷம் பூட்டிக் கிடந்தும் தேயாமல் இருந்தது, சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற அந்தத் தைரியம் ஒன்றுதான்.

ஆபீஸ் போகிற தம்பிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கிடாரோ கீபோர்டோ தூசி படிந்து கிடக்கலாம். "வேலை கிடைச்சுது, பாட்டு போச்சு" என்று பெருமூச்சு விடாதீர்கள். பணம் வருமா என்று கேட்டால் என்னிடம் உத்தரவாதம் இல்லை. அனேகமாக வராது. ஆனால் உங்கள் பாட்டு ராஜினாமா செய்யவில்லை. சம்பளமில்லா லீவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

லீவ் முடிந்தால் டியூட்டியில் சேரணுமில்லையா?