இலவசம் என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

சில மாதங்களுக்கு முன் ஹட்டனை அண்டிய தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயரும் முகாம் நடத்தியவர்களின் பெயரும் இங்கு வேண்டாம். லயத்து வாசலில், கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் தம் நாயைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து நாட்களுக்கு முன் இலவச முகாமொன்றில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பெட்டை நாய் அது.

“கூட்டிட்டு வந்ததுமே சோறு வச்சேன் ஐயா. ராத்திரி முனகிச்சு, பனடோல் குடுத்தேன். மூணாம் நாள் தையல நக்கிப் பிரிச்சிருச்சு. நான் செஞ்சது தப்பா?” என்று கேட்டார். அவர் நீட்டிய துண்டுச்சீட்டு முழுவதும் சிங்களத்தில் இருந்தது.

நாய் எதனால் இறந்தது என்று தீர்ப்புக் கூற நான் வைத்தியன் அல்லன். ஆனால் அந்தப் பெண் குற்றவாளி அல்லர் என்று சொல்ல வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. அவரிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. பின்னர் இதுபற்றிக் கேட்டபோது ஒருவர் எனக்களித்த மறுமொழி இது: “இலவசமாகச் செய்து கொடுக்கிறோம். லயத்து நாய்க்கு விளக்கம் வேறு வேண்டுமா?”

வேண்டும் ஐயா, வேண்டும்.

கடுவன் நாய்க்குச் செய்வது ஒப்பளவில் சிறிய வேலை. பெட்டைக்குச் செய்வதோ, வயிற்றைத் திறந்து சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் அகற்றும் பெரிய சத்திரசிகிச்சை. வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவுக்குப் பின் உணவு கொடுக்கலாகாது; மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. குட்டிகளுக்கு இந்த நேரம் குறைவு. இதை முகாமுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது யாருடைய கடமை?

வீடு திரும்பிய நாய் அன்று தள்ளாடும்; தூங்கும். மயக்க மருந்து உடற்சூட்டைக் குறைத்துவிடும். கொழும்பில் இது பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். தை மாதத்தில் உறைபனி விழும் நுவரெலியாவில் ஈரத் தரையில் கிடக்கும் நாய்க்கு அது பெரிது. உலர்ந்த சாக்கில், காம்பிராவுக்குள்ளேயே படுக்க வைக்க வேண்டும். வெளியே கட்டவே கூடாது. தேயிலைக் காடுகளில் சிறுத்தை நடமாடுவதும் நாய்களைத் தூக்கிச் செல்வதும் மலையகத்தார் அறிந்ததே. நன்றாக விழித்தபின் சிறிதளவு உணவு போதும். பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை தையலை நக்க விடலாகாது, குளிப்பாட்டலாகாது, ஓட விடலாகாது. கழுத்துக்கூம்பு இல்லையென்றால் பழைய பனியனை உடலில் மாட்டிவிடலாம். தையல் தானாகக் கரைவதா, பிரிக்க வேண்டியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரை கூடவே கூடாது. பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கக்கூடும், பூனைக்கோ ஒரு வில்லையே எமன். இரத்தக் கசிவு, சீழ், நாற்றம், வெளுத்த ஈறு, ஓயாத வாந்தி, மறுநாளும் உண்ண மறுத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

எந்த வைத்தியரிடம்? முகாம் வாகனம் மாலையே மலையிறங்கிவிடுகிறது. கால்நடை மருத்துவபீடம் இருப்பது பேராதனையில். நாட்கூலிக்காரர் ஒரு நாள் பேரை இழந்து, வாடகை வாகனம் பிடித்து நாயைக் கொண்டுபோவாரா?

இது ஒரு நாயின் கதை மட்டுமன்று. 2006 ஆம் ஆண்டு தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசு முடிவெடுத்த பின், தடுப்பூசியும் கருத்தடையுமே விசர்நாய்க்கடி ஒழிப்பின் இரு கைகளாயின. 1973 இல் இந்நோயால் 377 பேர் மாண்ட நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லயத்தில் ஒரு நாய் இப்படிச் செத்தால், அடுத்த முறை வாகனம் வரும்போது அந்த லயத்து நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் ஒளிக்கப்படும். கருத்தடை மட்டுமல்ல, தடுப்பூசியும் தவறிப்போகும். நாளை கடிபடப் போவது லயத்துப் பிள்ளை.

ஒரு நாளில் இத்தனை நாய்கள் என்று கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு ஒவ்வொருவரிடமும் பேச நேரமில்லையாம். அப்படியானால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்து நாய்களைக் குறைத்தால் பத்துக் குடும்பங்களோடு பேசலாம்.

தமிழும் அரச கரும மொழி என்று 13 ஆவது திருத்தம் எழுதி வைத்தது 1987 இல். தமிழர் பெரும்பான்மையாக வாழும் நுவரெலியா மாவட்டத்தில், அரைப் பக்கத் தமிழ்த் துண்டறிக்கை கேட்பது பேராசையா? அதோடு அழைத்தால் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். மூன்றாம் நாள் ஒருவர் வந்து தையலைப் பார்த்துப் போவது. கேட்பது இவ்வளவுதான்.

இலவசம் என்பது பிச்சை அன்று. அந்தப் பெண் வாங்கும் சவர்க்காரத்திலும் வரி இருக்கிறது. நாயைக் கொடுத்தவருக்குப் பதிலும் கொடுக்க வேண்டும்.

“நான் செஞ்சது தப்பா?” என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அன்று மாலையே மலையிறங்கிப் போய்விட்டார்கள்.