கோமாளியின் சிபாரிசும் கனவான்களின் நயவுரையும்

வாரந்தோறும் எதைப் பார்க்கலாம், எதை வாசிக்கலாம், எதைக் கேட்டுச் சிரிக்கலாம் என வாசகருக்கு எடுத்துச் சொல்லும் பணியை ஒரு நகைச்சுவையாளரிடம் ஒப்படைப்பது பத்திரிகைத் தொழிலுக்கு இழுக்கு என்றொரு எண்ணம் எமது எழுத்துலகில் வேரூன்றியிருக்கிறது. கலையை எடைபோட விமர்சகர் வேண்டும். இலக்கியத்தை எடைபோடப் பேராசிரியர் வேண்டும். கோமாளி வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போகட்டும், தீர்ப்பு வழங்க அவர் யார் என்பதே அந்த வாதம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆயினும் பத்திரிகை வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பவருக்கு இது எவ்வளவு பொய்யான நியாயம் என்பது விளங்கிவிடும்.

எனது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிபாரிசு செய்யும் தகுதி பட்டத்தினால் வருவதல்ல. வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் வேண்டும் என்று சொல்லும்போதுதான் அச்சொல்லுக்குப் பெறுமதி உண்டு. இந்தத் தகுதி, கனவான்களைக் காட்டிலும் கோமாளிகளிடமே அதிகமாக இருந்திருக்கிறது.

இதற்கு நான் அழைக்கும் சாட்சி, அமெரிக்க நகைச்சுவையாளர் றொபேர்ட் பெஞ்ச்லி. 1889இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரிற் பிறந்து, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் நகைச்சுவை ஏட்டில் எழுதிப் பழகியவர். பின்னாளில் ஹொலிவூட் குறும்படங்களில் நடித்துப் புகழ்பெற்றார். எவ்வாறு உறங்குவது என்பதை விளக்குவதாகப் பாவனை செய்து அவர் நடித்த குறும்படம் 1935ஆம் ஆண்டுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. ஆனால் இருபது ஆண்டுகள் அவர் செய்த நிலையான உத்தியோகம் வேறு. 1920 முதல் 1929 வரை ‘லைஃப்’ வார இதழிலும், அதன்பின் 1940 வரை ‘நியூயோர்க்கர்’ வார இதழிலும் அவர் நாடக விமர்சகராக இருந்தார். ‘லைஃப்’ என்றதும் புகைப்படச் சஞ்சிகையை நினைத்துவிட வேண்டாம். அப்பெயரை ஹென்றி லூஸ் விலைக்கு வாங்கியது 1936இல். அதற்கு முன்னர் அது 1883இல் தொடங்கப்பெற்ற ஒரு நகைச்சுவை இதழ்.

அக்காலத்து நியூயோர்க் நகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1920களின் பிற்பகுதியில் ஒரு பருவத்தில் இருநூறுக்கும் அதிகமான புதிய நாடகங்கள் பிரோட்வே அரங்குகளில் ஏறின. சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் ஆண்டுக்கு மூன்றோ நான்கோ நாடகங்களுக்குத்தான் செலவு செய்ய முடியும். எந்த மூன்று? எந்த நான்கு? இந்தக் கேள்விக்கு விடையாகவே ‘லைஃப்’ இதழில் வாராவாரம் ஒரு பட்டியல் வெளிவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஓரிரு வரிகள் மட்டும். சிறந்தது எனில் சிறந்தது. சிரிக்கலாம் எனில் சிரிக்கலாம். வேறெங்கும் காணக் கிடைக்காதது எனில் அதுவும் சொல்லப்பட்டது. கோட்பாடு இல்லை, மேற்கோள் இல்லை, வாசகரின் பணத்தைக் காப்பாற்றும் அக்கறை மட்டும் இருந்தது.

அப்பட்டியலின் மிகப் புகழ்பெற்ற பகுதி ஒரு கண்டனத்தினால் அமைந்தது. ஆன் நிக்கல்ஸ் என்பவர் எழுதிய ‘ஏபியின் ஐரிஷ் ரோஜா’ என்ற நாடகம் 1922 மே மாதத்தில் அரங்கேறியது. யூத இளைஞனும் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணும் மணம் புரிந்துகொள்கிறார்கள், தந்தைமார் சண்டையிடுகிறார்கள், இறுதியில் எல்லாம் சுபம். இரு சமூகத்தினரையும் பற்றிய பழைய கேலிகளின் தொகுப்பு அது. பெஞ்ச்லிக்கு அது அறவே பிடிக்கவில்லை. நாடகமோ 1927 வரை நின்று, 2,327 காட்சிகள் ஓடி, அதுவரை பிரோட்வே கண்டிராத சாதனையை நிலைநாட்டியது.

ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வாராவாரம் அதே நாடகத்தைப் பற்றி ஒரு புதிய வரி எழுதியாக வேண்டிய கட்டாயம்! வேறொருவராயின் பழைய வரியையே திரும்ப அச்சேற்றியிருப்பார். அல்லது மக்கள் விரும்புகிறார்கள், நாமும் ஒத்துப்போவோம் என்று இரண்டாம் ஆண்டில் சுருதி மாற்றியிருப்பார். பெஞ்ச்லி இரண்டையும் செய்யவில்லை. இதற்கு ஆட்கள் எங்கிருந்துதான் வருகிறார்கள் என்று ஒருவாரம் வியந்தார். முயற்சியைக் கைவிட்டதாக இன்னொருவாரம் அறிவித்தார். வேறொருவாரம் புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் அதிகாரத்தையும் வசன எண்ணையும் மட்டும் குறித்துவிட்டுப் பேசாதிருந்தார். வேதாகமத்தைப் புரட்டிய வாசகர், என்றென்றும் மாறாதிருத்தல் பற்றிய வசனத்தைக் கண்டு சிரித்தார். சொல்ல வார்த்தை தீர்ந்துபோன கட்டத்தில் வாசகரிடமே வரி கேட்டுப் போட்டி நடத்தப்பட்டது. மோசமான தடிமனை விடவும் இது கேடல்ல என்ற பொருளில் ஒரு வரியை அனுப்பிப் பரிசைத் தட்டிச் சென்றவர், திரையில் வாய் திறவாத நகைச்சுவை நடிகரான ஹார்போ மார்க்ஸ்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பினர் எழுந்து நிற்பர். ஐந்தாண்டு ஏசியும் ஒரு நாடகத்தை நிறுத்த முடியவில்லையே, அப்படியாயின் அந்தச் சிபாரிசின் பயன் என்ன என்பது அவர்களது கேள்வி. சிபாரிசு என்பது கட்டளை அன்று. அதற்குக் கீழ்ப்படிந்தவர்களின் தொகையைக் கொண்டு அதனை அளப்பது அதிகாரிகளின் கணக்கு. இலட்சக்கணக்கானோர் அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரித்தனர். சிரிப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. பெஞ்ச்லியின் வாசகர் பெற்ற இலாபம் வேறு. கூட்டம் பெருகினாலும் இவர் தன் கருத்தை மாற்ற மாட்டார் என்பதை அவர்கள் வாராவாரம் கண்ணாரக் கண்டனர். எனவே மறுவாரம் இன்னொரு நாடகத்தைப் பார்க்கச் சொன்னபோது நம்பினர். அந்தக் கண்டன வரிகள் ஒவ்வொன்றும் அவரது பாராட்டு வரிகளுக்கு இட்ட ஈடு.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கனமானது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது. பெஞ்ச்லி விமர்சகர் மட்டுமல்லர், அதே அரங்குகளில் நடித்தவரும் ஆவார். 1922 ஏப்ரலில் நண்பர்கள் ஒன்றுகூடி ஒரே இரவு நடத்திய கேலிக்கூத்தொன்றில், ஒரு சங்கத்தின் தடுமாறும் பொருளாளராக அவர் வாசித்த கணக்கறிக்கை கைதட்டல் பெற்றது. அதன் விளைவாக 1923இல், ஏர்விங் பேர்லினின் இசைக் கதம்ப நிகழ்ச்சியில் அதே அறிக்கையை இரவுதோறும் வாசிக்கும் தொழிலும் அவருக்குக் கிட்டியது. பகலில் நாடகங்களுக்குத் தீர்ப்பு, இரவில் அதே தெருவில் ஒப்பனையுடன் மேடை. இது நலன்களின் மோதல் அல்லவா?

ஆம், மோதல்தான். ஆனால் அதை அறியாத வாசகர் யார்? அவரது பெயர் மேடை விளம்பரத்தில் இருந்தது. அவரது முகம் பார்வையாளருக்கு முன்னால் இருந்தது. வாசகர் வேண்டுமானால் அதற்கேற்பத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். பத்திரிகையாளருக்குத் தொடர்புகள் இருப்பதை நான் குற்றமாகக் கொள்வதில்லை. சிறிய ஊரில் எழுதுகிறவருக்குத் தொடர்புகள் இல்லாமல் இராது. தொடர்பை மறைத்துக்கொண்டு நடுநிலை வேடம் பூணுவதே குற்றம்.

இனி அவருடைய வாழ்வில் நான் மிக மதிக்கும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1920க்கு முன்னர் அவர் ‘வனிட்டி ஃபெயார்’ சஞ்சிகையில் நிர்வாக ஆசிரியராக இருந்தார். அங்கு நாடக விமர்சனம் எழுதியவர் டொரதி பார்க்கர். பார்க்கரின் கூரிய பேனா பெரும் நாடகத் தயாரிப்பாளர்களைச் சினமூட்டியது. குறிப்பாக, பில்லி பேர்க் என்ற நடிகையைப் பற்றி அவர் எழுதியது அந்நடிகையின் கணவரான புளோரன்ஸ் ஸிக்ஃபெல்டை ஆத்திரப்படுத்தியது. ஸிக்ஃபெல்ட் சாதாரண ஆள் அல்லர். பிரோட்வேயின் பெரும் முதலாளி, சஞ்சிகையின் விளம்பரதாரரும்கூட. 1920 ஜனவரியில் பார்க்கர் பதவி இழந்தார். செய்தியறிந்த பெஞ்ச்லி தாமும் பதவி விலகினார். அப்போது அவருக்கு மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தனர். வேறு உத்தியோகம் கையில் இல்லை. விமர்சகரின் பேனா விளம்பரதாரருக்கு அடமானம் வைக்கப்பட்ட இடத்தில் தமது பெயர் இருக்கலாகாது என்று வெளியேறிய அந்த மனிதரைத்தான், தீர்ப்பு வழங்கத் தகுதியற்ற கோமாளி என்று நாம் ஒதுக்க வேண்டுமாம்!

வார இதழில் நாடகங்களை மட்டும் அவர் எடைபோடவில்லை. 1927 முதல் ‘நியூயோர்க்கர்’ இதழில், பாராளுமன்றத்தைத் தகர்க்கச் சதி செய்த கை ஃபோக்ஸின் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொண்டு, நாளேடுகளின் தவறுகளையும் அசட்டுத்தனங்களையும் எடுத்துக்காட்டும் பத்தியொன்றைத் தொடக்கினார். பிற்காலத்தில் ஏ. ஜே. லீப்ளிங் எழுதிப் புகழ்பெற்ற பத்திரிகை விமர்சனப் பத்தி அதுவே. பத்திரிகைகளைக் கண்காணிக்கும் வேலையைச் செய்யவும் ஒரு நகைச்சுவையாளர்தான் வேண்டியிருந்தது என்பதைத் தொழில் வல்லுநர்கள் கவனிப்பார்களாக.

நகைச்சுவையாளருக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது? அவருடைய தொழிலே அதற்குப் பயிற்சி. பேராசிரியரின் உரை தோற்றால் அவருக்குத் தெரியவராது. சபை மரியாதைக்காகக் கைதட்டும். நகைச்சுவை தோற்றால் அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். மரியாதைக்காக நெடுநேரம் சிரிக்க எவராலும் முடியாது. இரவுதோறும் இத்தகைய தீர்ப்புக்குத் தலைகொடுத்தவர், பிறர் ஆக்கத்தைப் பற்றிப் பேசும்போதும் தமக்கு உண்மையில் சிரிப்பு வந்ததா, உண்மையில் உள்ளம் அசைந்ததா என்றே முதலில் கேட்டுக்கொள்கிறார்.

இனி எமது முற்றத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. இத்தனை உரைகளில் எந்த உரை, இந்நூலை வாங்க வேண்டாம் என்று சொல்ல இடமளிக்கிறது? நயத்தல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட சபையில் நயத்தலுக்கு என்ன பொருள்? முதற்பிரதியைப் பெறும் புரவலர் நூலைத் திறந்து பார்த்தாரா என்று எவரும் கேட்பதில்லை. மறுவாரம் அதே நயவுரை, எழுத்து மாறாமல் வாரவெளியீட்டில் விமர்சனம் என்ற தலைப்பில் பிரசுரமாகிறது. வாசகர் முந்நூறோ ஐந்நூறோ ரூபாய் கொடுத்து வாங்கி, பத்தாம் பக்கத்தில் மூடிவைக்கிறார். அடுத்த நல்ல நூல் வரும்போது அதனையும் வாங்காமல் விடுகிறார். நட்டம் யாருக்கு? அந்த நல்ல நூலை எழுதியவருக்கு.

வாரவெளியீடொன்றின் பக்கங்களைத் தயாரித்த காலத்தில், ஒரு திரைப்படத்தைப் பற்றி இரண்டு வரி குறைவாகப் புகழ்ந்தமைக்காக, விளம்பரம் நிறுத்தப்படும் என்று தொலைபேசியில் மிரட்டல் வந்ததை நான் அறிவேன். மிரட்டியவர் பெயர் இங்கு அவசியமில்லை. அத்தகைய அழைப்புக்குப் பயந்து வெட்டப்பட்ட வரிகள் எத்தனை என்பதைத் தொழிலில் இருந்தவர்கள் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எம்மிடம் மாற்று மரபு இல்லாமலில்லை. ‘சவாரித் தம்பர்’ கேலிச்சித்திரத்தைப் படைத்த சுந்தர் என்னும் சி. சிவஞானசுந்தரம், ‘சிரித்திரன்’ சஞ்சிகையில் மகுடியாராக வாசகர் கேள்விகளுக்கு விடையளித்தார். ஈழத்தில் ஒரு தலைமுறை அந்தப் பக்கத்தைத்தான் முதலிற் புரட்டியது. பட்டம் பார்த்து அல்ல, பயமில்லாத குரலைக் கேட்டுத்தான் எமது வாசகரும் நம்பிக்கை வைத்தனர்.

இன்று சிபாரிசு ஒரு கைத்தொழிலாகிவிட்டது. நீங்கள் நேற்றுப் பார்த்ததைக் கணக்கெடுத்து இன்று பார்க்க வேண்டியதைக் கணினி சொல்கிறது. இலட்சம் பேர் பின்தொடரும் இளைஞர் உணவகத்தைப் புகழ்கிறார். அவருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது தெரிவதில்லை. காசு வாங்கிப் புகழ்பவர் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு 2009இலேயே தனது வழிகாட்டி விதிகளை விரிவுபடுத்த வேண்டி வந்தது. நோய் அங்கும் உண்டு. ஆனால் அது நோய் என்று ஒப்புக்கொள்ளவாவது செய்தார்கள்.

கணினியின் சிபாரிசுக்கும் விழா மேடையின் நயவுரைக்கும் ஒரே குறைபாடுதான். இரண்டுக்கும் வெட்கம் கிடையாது. தப்பான நூலைப் புகழ்ந்துவிட்டோமே என்று இரண்டும் மறுவாரம் கூசுவதில்லை. தமது பெயரைப் போட்டு வாராவாரம் எழுதுபவர் மட்டுமே மறுவாரமும் அதே வாசகரின் முகத்தில் விழிக்க வேண்டியவர்.

ஆதலால் எமது வாரப் பத்திரிகைகளின் ஆசிரியபீடங்களுக்கு நான் சொல்வது இதுதான். அரைப் பக்கம் ஒதுக்குங்கள். துணிவுள்ள ஒரு நகைச்சுவையாளரைத் தேடிப் பிடியுங்கள்; நாடக மேடையிலோ வானொலியிலோ அகப்படுவார். அந்த வாரத்தில் அவரை வியக்கவைத்த ஒன்று, சிரிக்கவைத்த ஒன்று, சிந்திக்கவைத்த ஒன்று என மூன்றை எழுதச் சொல்லுங்கள். எதுவுமே தேறாத வாரத்தில், எதுவுமில்லை என்று எழுதும் சுதந்திரத்தையும் கொடுங்கள். விளம்பரதாரரின் தொலைபேசி அழைப்பு வந்தால் அதை நீங்களே எடுங்கள், அவரிடம் கொடுக்காதீர்கள். மூன்றே மாதத்தில், வாசகர் பத்திரிகையை வாங்கியதும் எந்தப் பக்கத்தை முதலிற் புரட்டுகிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

கனவான்கள் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். அவர்களுக்கு நயவுரை இருக்கவே இருக்கிறது.