நல்ல மனம் போதாது, ஓட்டும் வேண்டும்

2020 ஜூன் மாதம் பிரான்சின் டானோன் நிறுவனத்தில் பங்குதாரர்கள் 99 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளால் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். லாபத்தோடு மக்களின் உடல்நலம், மண்ணின் வளம், ஊழியர்களின் பங்கு ஆகியவற்றையும் நிறுவனத்தின் குறிக்கோளாக அதன் விதிகளிலேயே எழுதிவைக்கும் தீர்மானம் அது. அந்நாட்டில் 2019இல் வந்த ஒரு சட்டம் இதற்கு வழி செய்திருந்தது. பங்குச்சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களில், தயிரும் குடிநீரும் குழந்தை உணவும் விற்கும் டானோன்தான் இந்தப் பாதையில் முதலில் இறங்கியது. முன்னின்று நடத்தியவர் அதன் தலைவர் எம்மானுவேல் ஃபாபேர். உணவு என்பது வெறும் சரக்கல்ல என்று பேசியும் செய்தும் வந்தவர் அவர். ஒன்பதே மாதங்களில், 2021 மார்ச்சில், அதே நிறுவனத்தின் இயக்குநர் குழு அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. புளூபெல், ஆர்டிசான் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் தொடங்கிய நெருக்கடி அதற்கு முந்தைய சில மாதங்களிலேயே முற்றிவிட்டிருந்தது. இவ்விரண்டின் கையிலும் டானோனின் பெரும்பங்கு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஃபாபேர் நீக்கப்பட்டது நோக்கத்துக்காக அல்ல, நிர்வாகத் திறமைக் குறைவுக்காகத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. டானோனின் பங்கு விலை நெஸ்லே, யூனிலீவர் போன்ற போட்டியாளர்களுக்குப் பின்தங்கியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் உணவகங்கள் மூடப்பட்டு, குடிநீர் விற்பனை அடிவாங்கியது. ஊழியர்களின் நலனைப் பற்றிப் பேசிய அதே தலைவர் 2020 நவம்பரில் 2,000 வேலைகள் வரை குறைக்கப்போவதாக அறிவித்தார். இவையெல்லாம் நியாயமான விமர்சனங்களே. ஆனால் ஒரு தலைவர் தோற்றுவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, எந்த அளவுகோலால் அவரை அளந்தார்கள் என்பதே என் கேள்வி. டானோனுக்குப் பால் ஊற்றும் விவசாயி அந்தத் தீர்ப்பில் வாக்களிக்கவில்லை. குறிக்கோளைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட வெளியாட்கள் குழுவுக்கு அறிக்கை எழுதும் வேலை இருந்தது, தலைவரை நியமிக்கவோ நீக்குவதைத் தடுக்கவோ அதிகாரம் இல்லை. குறிக்கோள் வாசகம் நிறுவனத்தின் விதிகளில் அப்படியே இருந்தது. அதன் பக்கம் நின்று கைதூக்க ஆள்தான் இல்லை.

பதவி இழக்காத தலைவர்களின் கதையும் இதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. 2009இல் யூனிலீவரின் பொறுப்பேற்ற பால் போல்மன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குச் சொல்லும் வழக்கத்தையே கைவிட்டார். நீண்ட காலம் பொறுத்திருக்கும் முதலீட்டாளர்கள்தான் தங்களுக்கு வேண்டும் என்றார். 2017 பிப்ரவரியில் கிராஃப்ட் ஹைன்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 14,300 கோடி டாலர் கொடுத்து யூனிலீவரையே விலைக்குக் கேட்டபோது அவர் மறுத்தார். சில நாட்களிலேயே கேட்டவர்கள் பின்வாங்கினார்கள். பலரும் இதை நோக்கத்தின் வெற்றியாகக் கொண்டாடினார்கள். அடுத்த சில வாரங்களில் யூனிலீவர் என்ன செய்தது என்று பார்த்தால் அந்தக் கொண்டாட்டம் அடங்கிவிடும். லாப விகிதத்தை 20 விழுக்காட்டுக்கு உயர்த்துவதாக வாக்குக் கொடுத்தது, பல நூறு கோடி யூரோவுக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியது, மார்ஜரின் தொழிலை விற்க முடிவு செய்தது. 2024இல் அந்த நிறுவனம் பிளாஸ்டிக் குறைப்புக்கான தன் இலக்கையே தளர்த்திக்கொண்டது. முதலாளியின் கையில் இருக்கும் சாவியை நிர்வாகி எத்தனை நாள் மறைத்துவைக்க முடியும்?

இவற்றுக்கு எதிரில் குஜராத்தின் ஆனந்த் நகரை வைத்துப் பார்க்கிறேன். 1945இல் பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் போனது. கேடா மாவட்டத்து விவசாயிக்குக் கிடைத்த விலையை இடைத்தரகர்கள் தீர்மானித்தார்கள். சர்தார் படேலின் யோசனைப்படி விவசாயிகள் கூட்டுறவாகத் திரண்டு 15 நாட்கள் பால் ஊற்ற மறுத்தார்கள். 1946 டிசம்பர் 14 அன்று கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. ஊர் ஊராக நடந்து அதைக் கட்டியவர் திரிபுவன்தாஸ் படேல். 1949இல் அரசுப் பணிக்காக ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன், நம் லயோலாவிலும் கிண்டியிலும் படித்த பொறியாளர், பிறகு அந்த ஒன்றியத்தின் சம்பளக்காரராகச் சேர்ந்தார். கிராமச் சங்கத்தில் பால் ஊற்றும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. ஒரு எருமை வைத்திருப்பவருக்கும் பத்து வைத்திருப்பவருக்கும் அதே ஒரு ஓட்டுதான். சங்கத் தலைவர்கள் ஒன்றியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒன்றியத் தலைவர்கள் மாநில அளவிலான கூட்டமைப்பின் குழுவில் அமர்கிறார்கள். குரியன் எவ்வளவு பெரிய மனிதராக வளர்ந்தாலும் அவரை வேலைக்கு வைத்தவர்கள் அந்த விவசாயிகளே.

இந்த ஏற்பாடு என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று போதும். குளிர்காலத்தில் எருமைகள் பாலைப் பெருக்கிக் கொடுக்கும். தனியார் பால் பண்ணை அப்போது கொள்முதலைக் குறைக்கும், அல்லது விலையை இறக்கும். வணிகக் கணக்கில் அதில் தவறேதும் இல்லை. ஆனால் பால் ஊற்றுபவரே உடைமையாளராக இருக்கும் ஒன்றியம் அவர் கொண்டுவரும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. மிஞ்சும் பாலைப் பொடியாக்கியே தீர வேண்டும். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், எச். எம். தலாயா என்ற தொழில்நுட்ப வல்லுநர் அதைச் செய்து காட்டினார். 1955இல் ஆனந்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. தலைவரின் கருணை இங்கே இரண்டாம் பட்சம். ஓட்டு யாரிடம் இருந்ததோ அவர்களுடைய தேவை ஆராய்ச்சியின் திசையைத் தீர்மானித்தது. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் 80 காசுக்கு மேல் பால் ஊற்றுபவருக்கே போய்ச் சேர்கிறது என்று, அமுல் என்ற பெயரில் விற்கும் இந்தக் கூட்டுறவு இன்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

2006இல் ஒன்றியத் தலைவர்களோடு முரண்பட்டுக் குரியனும் கூட்டமைப்பின் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அந்த முடிவு அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனாலும் அவர் போனதால் பால் ஊற்றுபவரின் ஓட்டு போகவில்லை. அப்போது ஏறத்தாழ 3,700 கோடி ரூபாயாக இருந்த கூட்டமைப்பின் ஆண்டு விற்பனை 2023-24இல் 59,000 கோடியைத் தாண்டியது. விற்பனை பெருகியதைவிட, 36 லட்சம் உறுப்பினர்கள் இன்னும் உடைமையாளர்களாகவே இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கூட்டுறவு என்றாலே ஊழலும் அரசியலும்தானே என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழும். அதற்குப் பதில் தேடிக் குஜராத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனந்தின் மாதிரியிலேயே 1981இல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம், நாம் ஆவின் என்று சொல்வது, அமைந்தது. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்று அடுக்குகளும் அவையேதான். ஆனால் விற்பனை விலையும் கொள்முதல் விலையும் கோட்டையில் முடிவாகின்றன. நிர்வாக இயக்குநரை அரசு அனுப்புகிறது. 2021 மே மாதம் தேர்தல் வாக்குறுதிப்படி பால் விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. நகரத்துக் குடும்பங்களுக்கு அது நல்ல செய்தி. கொள்முதல் விலை 3 ரூபாய் உயர 2022 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த மார்ச்சிலேயே, தீவன விலைக்கு அது போதாது என்று உற்பத்தியாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தங்கள் சொந்த அமைப்பிடம் விலை கேட்டு உடைமையாளர்களே தெருவில் நிற்பது எவ்வளவு பெரிய முரண்! அடுக்கு மட்டும் இருந்து ஓட்டுக்கு வலுவில்லாதபோது கூட்டுறவும் டானோனின் வாசகத்தைப் போலவே ஆகிவிடுகிறது.

பெருமுதல் தேவைப்படும் தொழில்களில் ஓட்டை முதலீட்டாளரிடமிருந்து விலக்கிவைக்க முடியாது என்ற மறுப்புக்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையைத் தொடங்கிய ஜே. சி. யாகப்சன் 1876இல் அறிவியலுக்கென ஓர் அறக்கட்டளை அமைத்து, தன் ஆலையை அதற்கே எழுதிவைத்தார். 1883இல் அவருடைய ஆய்வகத்தில் எமில் ஹான்சன் தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தபோது அதைப் போட்டி ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று கார்ல்ஸ்பெர்க் பங்குச்சந்தையில் பணம் திரட்டுகிறது, ஆனால் வாக்குகளில் பெரும்பான்மை அறக்கட்டளையிடமே இருக்கிறது. முதலீட்டாளருக்கு லாபத்தில் பங்கு கொடுத்துவிட்டு, தொழிலின் திசையை நிர்ணயிக்கும் உரிமையை வேறோர் இடத்தில் வைக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆகவே ஓர் உணவு நிறுவனத்தின் தலைவர் மேடையேறி மண்ணையும் மக்களையும் பற்றிப் பேசும்போது, அவரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று செய்தியாளர்கள் கேட்க வேண்டும். ஆவினிடமும் அதே கேள்வியை வைக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை தருவது சரியான திசையில் ஓர் அடி. அதோடு சங்கத் தேர்தல்கள் காலம் தவறாமல் நடக்க வேண்டும், கொள்முதல் விலை முடிவாகும் மேசையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றியத் தலைவர்களுக்கு ஓட்டு வேண்டும். நகரத்துக்கு மலிவாகப் பால் தருவது அரசின் கொள்கை என்றால் அதற்கான செலவு முழுவதும் கருவூலத்திலிருந்து, வெளிப்படையான மானியமாக வரட்டும். மாடு வளர்ப்பவரின் பால்பணத்திலிருந்து அதைப் பிடிக்கக் கூடாது.