சாயங்காலச் சங்கு

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலை மேல பற்றே இல்லப்பா. ஆறு மணியானா பையைத் தூக்கிடறானுங்க." எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் ஆட்டுவதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்தான்.

பற்று வைத்தவர்கள் கதை நமக்குத் தெரியாததா? பின்னி மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கிங்காம் மில் ஆரம்பித்தது 1878-ல். பெரம்பூர், புளியந்தோப்பு வட்டாரத்தில் அப்பன், மகன், பேரன் என்று அதே மில்லில் உழைத்த குடும்பங்கள் உண்டு. "பின்னி ஆளு" என்றால் பெண் கொடுப்பார்கள். 1996-ல் மூடியே விட்டார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்தது, 450 மெகாவாட். 2017 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை. பழைய இயந்திரம், ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். நிர்வாகம் கணக்குப் பார்க்கிறது. தொழிலாளி மட்டும் ஏன் கணக்குப் பார்க்காமல் உருக வேண்டும்?

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஆயுத பூஜையன்று தன் லேத்துக்கு அவர்தான் முதலில் சந்தனம் வைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிய பிறகும், காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். அவர் மனைவி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவார். அந்த லேத் அதற்குள் காயலான் கடைக்குப் போயிருந்தது.

"ஈடுபாடு இல்லாமல் வேலை உருப்படுமா?" என்பீர்கள். போல்ட்டை ஒழுங்காக முறுக்கு; அதை நம்பி ஒருவன் வண்டி ஓட்டப் போகிறான். அது நேர்மை. கம்பெனியைத் தாய்வீடாக நினைப்பது வேறு சமாச்சாரம். இரண்டையும் குழப்பி லாபம் பார்த்தவர்கள் நாம் இல்லை.

காலைச் சங்கைப் பற்றி மட்டும் பெருமை பேசுகிறோம். சாயங்காலச் சங்கு சும்மாவா கிடைத்தது? 1923-லேயே இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அந்த நாளே எட்டு மணி நேர வேலைக்காகப் பிறந்ததுதான். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள்.

அடுத்த தடவை "ஆறு மணிக்கே ஓடறான்" என்று யாராவது ஆரம்பித்தால், எங்கே ஓடுகிறான் என்றும் விசாரியுங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஆறரைக்கு வந்து, மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான்.